ஆறு பத்துக்கு வரும் நிர்மலன்

மானிப்பாயில் ஒருவர் செத்தால் முதலில் வீட்டுக்காரருக்குத் தெரியும். அடுத்ததாகத் தயாளினிக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்கே அதற்குப் பிறகுதான். பெருமைப்படுகிற விஷயமல்ல; ஆனால் ஒன்பது வருடமாக இந்த வரிசை மாறவில்லை.

காரணம் 'ஊர்விளக்கு'. அது ஓர் இணையத்தளம். கோயில் கொடியேற்றம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, வாசிகசாலைக்குப் புதுக் கதிரை வந்த செய்தி எல்லாம் அதில் இருக்கும். அவற்றை எழுதியவரும் எழுதியவரின் மனைவியும் வாசிப்பார்கள். மற்ற எல்லாரும் வாசிப்பது மரண அறிவித்தல். ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கிற சனம் பல் தீட்டுவதற்கு முன்னரே போனைத் தடவி, இன்றைக்கு ஊரில் யார் என்று பார்த்துவிடும். ஒருவரும் இல்லையென்றால் சிலருக்கு முகம் கொஞ்சம் வாடும்.

தளத்தைக் கட்டியவன் தயாளினியின் கணவன் நிர்மலன். நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தில் கொம்பியூட்டர் படிப்பித்தான். காலை ஆறு மணிக்குத் தேத்தண்ணியோடு லப்ரொப்பின் முன் குந்தினான் என்றால் ஏழு மணிவரை அவனோடு கதைக்க ஏலாது. போன வருடம் ஆவணியில், கொடிகாமம் சந்தைக்குக் கத்தரிக்காய் ஏற்றிப் போன லொறியொன்று ஏ-9 வீதியில் அவனுடைய மோட்டார் சைக்கிளை முந்தப் பார்த்தது. முந்தியும் விட்டது.

அன்று பின்னேரம் தயாளினி அவனுடைய லப்ரொப்பைத் திறந்தாள். அது கேள்வி கேட்காமல் அவன் பேரிலேயே தளத்துக்குள் போய் நின்றது. அறிவித்தலை அடித்து, படத்தைப் போட்டு, வெளியிட்டாள். அடுத்த நாள்தான் அடிவரி கண்ணில் பட்டது.

'பதிந்தவர்: நிர்மலன்.'

தன்னுடைய சாவைத் தானே அறிவித்த ஆள் அந்த ஊரில் அவன் ஒருவன்தான். செத்தவீட்டுக்கு வந்த சிநேகிதர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். திருத்துவது ஒரு நிமிட வேலை. தயாளினி திருத்தவில்லை. அவனுடைய கணக்கையும் மூடவில்லை; பிறகு வந்த அறிவித்தல்களையும் அதிலிருந்தே போட்டாள். முதல் வருட ஆட்டைத் திவசம் முடியட்டும் என்று தனக்குத் தானே சொன்னாள். அவனுடைய செருப்பும் அதே சாட்டில்தான் வாசலில் கிடந்தது. திவசம் முடிந்தது. செருப்பு உள்ளே போனது. கணக்கு அப்படியே கிடந்தது.

இன்னொன்றும் கிடந்தது. இணையத்தளம் என்பது ஒருமுறை கட்டிவிட்டுக் கால் நீட்டிப் படுக்கிற வீடல்ல. அதை ஓட்டுகிற மென்பொருளில் எங்கேயாவது ஓட்டை கண்டுபிடிப்பார்கள். செய்தவர்கள் அதை அடைத்துப் புதுப் பதிப்பு அனுப்புவார்கள். எடுத்துப் போடவேண்டியது தளக்காரரின் பாடு. எத்தனை புதுப்பிப்பு காத்திருக்கிறது என்று திரையின் மூலையில், சிவப்பு வட்டத்துக்குள் ஓர் இலக்கம் நிற்கும். நிர்மலன் செத்த அன்று அது இரண்டு. இந்த ஐப்பசியில் முப்பத்திநாலு.

தயாளினி அதைத் தொடாததற்குக் காரணம் விளக்கு. ஒவ்வொரு அறிவித்தலின் கீழும் ஒரு சின்னச் சுடர், காற்றுப் பட்டதுபோல் ஆடும். பார்க்கிறவர் விரலை வைத்தால் கொஞ்சம் நிமிரும். நிர்மலன் தன் கையால் எழுதியது. தனிக் கோப்பில் எழுதியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. அவன் அவசரத்தில் மென்பொருளோடு வந்த கோப்புக்குள்ளேயே செருகிவிட்டான். புதுப்பித்தால் அந்தக் கோப்பு முழுக்கப் புதிதாகும், விளக்கு போய்விடும். பிள்ளைகளுக்குச் செய்யாதே என்று படிப்பித்த பிழையை வாத்தியார் வீட்டில் வந்து செய்திருந்தார்.

சிவப்பு இலக்கம் கண்ணை உறுத்தியது. கண்ணாடி மேசையில் பாவிக்காமல் கிடந்த ஒட்டுப்பொட்டு மட்டையிலிருந்து ஒன்றை உரித்து, திரையில் அந்த இலக்கத்தின் மேல் ஒட்டினாள். அதற்குப் பிறகு லப்ரொப் பொட்டோடு மங்களகரமாக நின்றது. பிரச்சினை தீர்ந்தது.

தளத்தின் உள்ளே, வெளியார் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வெளியிடாத வரைவுகள் இருந்தன. அதில் பதினொரு பேர். பதினொரு பேரும் உயிரோடு. பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் தனி ஆள், தான் போனால் பேர்களை ஆர் பிழையில்லாமல் எழுதப்போகிறான் என்ற கவலை. தயாளினி வீட்டு முன்னறையில் வைத்திருந்த போட்டோக்கொப்பிக் கடைக்கு வருவார்கள். அடையாள அட்டையைக் கொப்பி எடுக்கிற சாட்டில் தங்கள் மரண அறிவித்தலைத் தாங்களே சொல்லி அடிப்பித்து, படமும் தெரிவு செய்து, இரண்டு தரம் பிழை பார்த்துவிட்டுப் போவார்கள். திகதி மட்டும் புள்ளி புள்ளியாக இருக்கும்.

பதினோராவது ஆருடையது என்று தயாளினி ஒருவருக்கும் சொன்னதில்லை. அவளுக்கு நாற்பத்தைந்து வயது, ஒரு நோய் வருத்தமும் இல்லை. 'காலஞ்சென்ற நிர்மலனின் அன்பு மனைவியும்' என்ற வரியை அடித்து முடித்தபோது ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை அவளே கொஞ்சம் பயத்தோடுதான் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருந்தது. தளத்தைத் திறந்தவள் முதல் பக்கத்தில் ஒரு கிழவரைக் கண்டாள். மூன்று வருடத்துக்கு முன் செத்த மனுசன். இன்று செத்ததாக மேலே நின்றார். அவருடைய சுடருக்குக் கீழே, புரியாத பாஷையில் ஒரு வரி. பக்கத்தில் சீட்டுக்கட்டுப் படம். பதிந்தவர்: நிர்மலன். நேரம்: காலை 6.10.

உடனே அந்தக் கணக்கை மூடவேண்டும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தயாளினி அதைச் செய்யவில்லை. கிழவரைப் பழைய இடத்துக்கு அனுப்பினாள், சூதாட்ட வரியை அழித்தாள், உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். இரண்டு கோப்பையில் ஊற்றியதைப் பிறகுதான் கவனித்தாள்.

செவ்வாய், அதே நேரம்: போன தையில் செத்த ஒரு மனுசி. புதன்: ஒரே நாளில் செத்த தாயும் மகனும். பதிந்தவர் நிர்மலன். தளத்துக்கு இடம் வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்திலிருந்து ஆங்கிலத்தில் எச்சரிக்கைக் கடிதங்கள் வந்து குவிந்தன. ஆவி வந்து சீட்டு விளையாடக் கூப்பிடாது என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் ஆறு பத்துக்கு அவனுடைய பேர் திரையில் வந்து நிற்கிறது. ஒரு வருடத்துக்கு மேலாக ஒன்றுமே வராத இடத்தில் வருகிறது. புதன்கிழமை ஆறு மணிக்கே எழும்பி, தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு, முன்னால் போய்க் குந்தியிருந்தாள். வெளியில் சொன்னால் வெட்கக்கேடு.

வியாழன் மழைக் குளிரில் பிந்தி எழும்பினாள். அவள் கடைக் கதவைத் திறந்தபோது தம்பிராசா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர், எண்பத்தொரு வயது. நனையாமல் சட்டைக்குள் வைத்திருந்த ரப்லெட் கணினியை எடுத்து மேசையில் வைத்தார்.

"பிள்ளை, நான் செத்திட்டன் எண்டு போட்டிருக்கிறாய்."

"ஐயா?"

"சாகிறதைப் பற்றி ஒண்டுமில்லை. திகதி இல்லாமல் செத்திருக்கிறன். 'புள்ளி புள்ளி புள்ளி அன்று இறைவனடி சேர்ந்தார்.' கீழை சீட்டு விளையாடவும் கூப்பிட்டிருக்கிறன். முப்பத்தெட்டு வருச சேவிசிலை ஒரு கடதாசி நான் விலாசம் மாறிக் குடுக்கேல்லை."

தயாளினி எட்டிப் பார்த்தாள். கோட்டுப் போட்ட பழைய படம், அவரே தெரிவு செய்தது. பதிந்தவர்: நிர்மலன். 6.10. வரைவில் கிடந்த உயிருள்ள மனுசனை எடுத்து வெளியே போட்டிருக்கிறது. அவள் ஓடிப்போய் அதை இறக்கினாள். இறக்கிவிட்டுத் திரும்பியபோது கிழவர் போனை எடுத்து இலக்கம் தேடிக்கொண்டிருந்தார்.

"தாரிகா பாத்திருப்பாள்," என்றார். "படுக்க முதல் ஒருக்கா பாக்கிறவள். இப்ப அங்கை இரவு பத்து மணி. அவளுக்கு ஏழு மாசம், பிள்ளை."

தாரிகா அவருடைய ஒரே மகள், ரொறன்ரோவில். போன் அடித்தார்கள். எடுக்கவில்லை. மருமகனுக்கு அடித்தார்கள். எடுக்கவில்லை. வீதியில் தண்ணி ஏறிக்கொண்டிருந்தது. கொப்பி எடுக்க வந்த ஒருவர் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். நாற்பது நிமிடத்துக்குப் பிறகு கிழவரின் போன் அடித்தது. அவர் ஒலிபெருக்கியில் போட்டார்.

"ஆர் கதைக்கிறது?" தாரிகாவின் குரல் உடைந்திருந்தது.

"நான் அப்பா, பிள்ளை."

"பொய். அப்பாவின்ரை போனை வைச்சுக்கொண்டு ஆர் கதைக்கிறது?"

"என்ரை குரல் தெரியேல்லையோ மகள்?"

"குரலை ஆரும் மாத்திக் கதைப்பாங்கள். அப்பா எண்டால் சொல்லுங்கோ. பத்தாம் வகுப்பிலை நான் தபால் பைக்குள்ளை ஒளிச்சு வைச்ச பூனைக்குட்டிக்கு என்ன பேர்?"

கிழவர் கண்ணை மூடி யோசித்தார். "நீ பேர் வைக்கேல்லை. கொம்மா விடேல்லை. நான்தான் களவாத் 'தந்தி' எண்டு கூப்பிட்டனான்."

அந்தப் பக்கத்தில் அழுகை வெடித்தது. பிறகு மருமகன் போனை வாங்கினார். "மாமா, வயிறு இறுகுது எண்டு சொல்லுறா. ஆசுபத்திரிக்குக் கொண்டு போறன். பேந்து எடுக்கிறன்."

தம்பிராசா கடைக் கதிரையில் இருந்தார். மத்தியானம் பாண் கொடுத்தாள், தொடவில்லை. பின்னேரம்தான் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார், ஏறாமல். போன் பிறகு வரவேயில்லை.

தயாளினியின் மனதை விட்டு அந்தப் பூனைக்குட்டி போகமாட்டேன் என்று நின்றது. பெற்ற தகப்பனின் குரல் போனில் வருகிறது. மகள் நம்பாமல் கேள்வி கேட்கிறாள். இங்கே நாலு நாளாக ஒருவன் நிர்மலன் என்று பேர் சொல்லிக்கொண்டு வந்தான். அவள் ஒன்றுமே கேட்கவில்லை. கதவைத் திறந்து வைத்துத் தேத்தண்ணியும் ஊற்றினாள்.

உடனேயே நிர்மலனுடைய கடவுச்சொல்லை மாற்றினாள். பழையது அவளுடைய பேரும் கலியாண வருடமும். ஊரில் எந்தக் கள்ளனும் ஐந்தாவது தரத்தில் பிடித்துவிடுவான். கணக்கை மட்டும் அழிக்கவில்லை. பூட்டை மாற்றினால் காணும் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு முன்னால் குந்தினாள். ஆறு ஒன்பது. முதல் பக்கம் சும்மா கிடந்தது. ஆறு பத்து. பக்கம் ஒருமுறை வெளுத்து, திரும்பி வந்தது.

திருமதி தயாளினி நிர்மலன். …… அன்று காலமானார். அன்னார் காலஞ்சென்ற நிர்மலனின் அன்பு மனைவியும்.

அவளுடைய படம் சிரித்துக்கொண்டு நின்றது. கீழே விளக்கு ஆடியது. அதற்குக் கீழே, பதிந்தவர்: நிர்மலன்.

அவளால் ஒரு நிமிடம் அசைய முடியவில்லை. இவ்வளவு நாளும் அவன் வருகிறான் என்று ஆசையோடு பார்த்திருந்தாள். இப்போது கூட்டிக்கொண்டு போக வந்ததுபோல் இருந்தது. எங்கேயோ ஒரு பிள்ளை அழுத சத்தத்தில் கை தன்பாட்டில் எழும்பி அறிவித்தலை இறக்கியது. அதே கை றெஜிக்குப் போன் அடித்தது.

றெஜி நல்லூரில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருப்பவன். நிர்மலனிடம் படித்தவன். மழைக்கோட்டோடு வந்து லப்ரொப்பைப் பார்த்தான்.

"அக்கா, உதுக்கு ஆர் பொட்டு வைச்சது?"

நகத்தால் பொட்டை உரித்தான். முப்பத்தாறு. உரித்தவனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"உங்களுக்கென்ன விசரோ? ஒரு வருசமாப் பூட்டாத வீடு."

"பாஸ்வேட்டை நேற்று மாத்தினனான் தம்பி."

"முன்கதவைப் பூட்டியிருக்கிறியள். உவன் முந்தியே உள்ளுக்கை வந்து பின்னாலை ஒரு கதவு வெட்டிப்போட்டான். இஞ்சை பாருங்கோ." ஒரு கோப்பைத் திறந்தான். நிர்மலனின் வரிகள் பதினேழு, ஒழுங்காக, இடம் விட்டு. பதினெட்டாவது வரி, இடைவெளியில்லாமல், வாசிக்க ஏலாத எழுத்துகள், பாம்பு மாதிரித் திரைக்கு வெளியே நீண்டு போனது. "விளக்கு வைச்ச கோப்புக்குள்ளைதான் உவன் குடியிருக்கிறான்."

"ஏன் ஆறு பத்து?" தயாளினியின் குரல் மெலிந்திருந்தது. "அவரும் அந்த நேரந்தான்..."

றெஜி அவளைப் பார்க்காமல் சொன்னான். "அண்ணை வரேல்லை அக்கா. மெசின். ஆரோ நேரம் குறிச்சு ஓடவிட்டிருக்கிறான். உவனுக்குத் தமிழ் தெரியாது. செத்தவை ஆர், சாகாதவை ஆர் எண்டும் தெரியாது. கிடக்கிறதை ஒவ்வொண்டா எடுத்து வாசல்லை வைச்சு, தன்ரை சூதாட்டக் கடைக்கு வழி எழுதுறான்."

"நாளைக்கு ஆர்?"

வரைவுகளைக் கீழே உருட்டினான். இன்னும் வெளியே வராத ஒன்பது கிழடுகள், ஒன்பது நல்ல படங்கள். ஒவ்வொருவருக்கும் எங்கேயோ ஒரு தாரிகா.

"பத்து மணிக்குத் தொடங்கவேணும். ஒரு மணிக்குக் கரண்ட் நிப்பாட்டுவாங்கள், உதின்ரை பற்றரியும் செத்துக் கிடக்கு. முதல் எல்லாத்துக்கும் ஒரு பிரதி எடுப்பம். பேந்து உந்தக் கோப்புகளை எறிஞ்சுபோட்டுப் புதிசு போடோணும். முப்பத்தாறையும் போடோணும். பேந்து அண்ணையின்ரை கணக்கு." நிறுத்தினான். "வரைவிலை உங்கடையும் கிடந்தது. கண்டனான்."

"ம்."

"படம் வடிவில்லை. செத்தாலும் உதைப் போடாதையுங்கோ."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அதை முதலில் அழித்தது அவள்தான், அவன் சொல்லாமலே.

விளக்கின் வரிகளைத் தான் எடுத்துத் தருவதாகவும், பிறகு தனிக் கோப்பில் போடலாம் என்றும் அவன் சொன்னான். தயாளினி வேண்டாமென்று ஒரு கொப்பியும் பேனையும் எடுத்தாள். "கையாலை எழுதினால் உவன் ஒட்டிக்கொண்டு வரமாட்டான்தானே?" மாட்டான் என்றான் றெஜி. பதினேழு வரி. அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக, அர்த்தம் தெரியாமல், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஒன்பதாவது வரியில் அவன் தனக்காக ஒரு குறிப்பு வைத்திருந்தான்: 'த சொன்னா சுடர் கொஞ்சம் சின்னனா இருந்தால் வடிவு.' அவள் அப்படிச் சொன்னது அவளுக்கே ஞாபகமில்லை. அதையும் எழுதினாள்.

பன்னிரண்டே காலுக்குத் தம்பிராசா சைக்கிளில் வந்தார். ஏறித்தான் வந்தார். அது போதுமாக இருந்தது.

"ஒரு குறையுமில்லையாம். ஒரு நாள் வைச்சுப் பாத்திட்டு விட்டிட்டினமாம்." கதிரையில் பொத்தென்று இருந்தார். "பிள்ளை, என்ரையை அழிச்சுப்போடாதை. உள்ளுக்கை திருப்பி வை. ஆனால் பூட்டி வை."

"பூட்டுறம் ஐயா."

பன்னிரண்டே முக்காலுக்குக் கடைசி வேலை வந்தது. நிர்மலன் என்ற பேருக்கு நேரே 'நீக்கு'. றெஜி மவுஸை அவள் பக்கம் தள்ளிவிட்டு, ஜன்னலில் மழை பார்க்கப் போனான். தயாளினி அமத்தினாள். மென்பொருள் விடவில்லை. திருப்பிக் கேட்டது:

'இந்தப் பயனருக்குச் சொந்தமான பதிவுகளை என்ன செய்வது?'

கீழே இரண்டு வழி. எல்லாவற்றையும் அழிக்கலாம். அல்லது வேறொருவர் பேருக்கு மாற்றலாம். எல்லாம் என்றால் நாலாயிரத்து நூற்றாறு பேர். ஒன்பது வருடச் சாவுகள். அவனுடையதும்.

"றெஜி, பிழைச்சு அமத்தினால்?"

"பிரதி இருக்கு. ஆனால் பிழைக்காதையுங்கோ. கரண்ட் போகப்போகுது."

இரண்டாவதைத் தெரிவு செய்து, றெஜி காலையில் அவளுக்கெனத் திறந்த கணக்கில் தன்னுடைய பேரைத் தேடி எடுத்து, அமத்தினாள். வட்டமொன்று சுற்றியது. சுற்றி முடிந்ததும் நாலாயிரத்து நூற்றாறு பேரும் அவளுடைய பொறுப்பாகியிருந்தார்கள். நிர்மலனின் அறிவித்தலைத் திறந்து பார்த்தாள். விளக்கு இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. பதிந்தவர்: தயாளினி.

ஒரு மணிக்குக் கரண்ட் போனது. திரை கறுத்ததும் மூலையில் பொட்டுப் பசை மட்டும் வட்டமாகத் தெரிந்தது.

சனிக்கிழமை ஆறு மணிக்கு முன்னால் குந்தினாள். யார் வந்து தட்டினாலும் எழுதி வைக்கிற சின்னக் காவல் பட்டியலொன்றை றெஜி வைத்துவிட்டுப் போயிருந்தான். அதைத் திறந்து வைத்தாள். ஆறு ஒன்பது. வாசலில் மழைத் தண்ணி சொட்டியது.

ஆறு பத்துக்கு முதல் வரி விழுந்தது.

'நிர்மலன்: அப்படியொரு பயனர் இத்தளத்தில் இல்லை.'

உடனே அடுத்தது. அடுத்தது. ஒன்றின் கீழ் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. கதவு மூடியிருக்கிறது என்று கோபமுமில்லை, களைப்புமில்லை. நாற்பது தரம், அறுபது தரம், அவனுடைய பேரைச் சொல்லிச் சொல்லித் தட்டியது. ஒவ்வொரு தட்டுக்கும் மென்பொருள் ஒரே பதிலைச் சொன்னது. இவ்வளவு நாளும் ஒருவரும் அவளுக்கு இதைச் சொல்லத் துணிந்ததில்லை.

"ஓம்," என்றாள் தயாளினி திரையைப் பார்த்து. "இல்லை."

மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள். புதிதாக ஒருவரும் சாகவில்லை. பட்டியல் நூற்றைத் தாண்டியது. நாளைக்கும் வரும், மறுநாளும் வரும்.

மூலையில், பசை காய்ந்த வட்டத்துக்குள், சிவப்பாக ஒரு 1 வந்து நின்றது. இரவில் எங்கேயோ ஒருவர் இன்னொரு ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கிறார். தயாளினி தேத்தண்ணிக்கு எழும்பாமல், முதலில் அதை அமத்தினாள்.